கரையும் திருகாணியா, டைட்டேனியமா: முழங்கால் தசைநார் அறுவைக்கு முன் ஓர் ஒப்பீடு

என் அண்ணன் மகனுக்கு வயது 27. மலேசியாவின் பினாங்கில், பிறை என்ற ஊரில் உள்ள ஒரு தொழிற்சாலையில் மூன்று வேளை மாற்று வேலை பார்க்கிறான். ஃபுட்சால் ஆடிக்கொண்டிருந்தபோது பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் மறுபக்கம் திரும்பிவிட்டது. முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் தனக்கே கேட்டது என்றான். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில், ஏசிஎல் என்று எல்லோரும் சொல்லும் முன் குறுக்குத் தசைநார் முழுவதுமாக அறுந்திருந்தது. இரண்டு மாதம் இயன்முறைப் பயிற்சி செய்தும் படியிறங்கும்போது முழங்கால் நழுவுவது நிற்காததால், அறுவைக்கு ஒப்புக்கொண்டு, தனியார் மருத்துவமனை கொடுத்த செலவு மதிப்பீட்டுத் தாளோடு என் வீட்டுக்கு வந்தான். அதில் ஒரே இடத்தில் மூன்று பொருள்கள், மூன்று விலைகள்: டைட்டேனியம் திருகாணி, 'பயோ' திருகாணி, பீக் திருகாணி. "எதுவானாலும் பரவாயில்லை, யோசிச்சுச் சொல்லுங்கன்னு டாக்டர் சொல்றார். இதை எப்படி அத்தை நான் முடிவு பண்றது?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியை அவன் என்னிடம் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. ஜார்ஜ்டவுனில் அறுவைக்கூடத் தாதியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து, அதில் பாதிக் காலத்தை எலும்பு மருத்துவர்களின் பக்கத்தில் நின்று கழித்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். திருகாணியை உறையிலிருந்து எடுத்து மருத்துவரின் கையில் வைத்தவள் நான், முறுக்கியவள் அல்லள். ஆகவே கீழே நான் எழுதுவது மருத்துவரின் தீர்ப்புக்கு மாற்றாகாது. அவரிடம் பேச உட்காருவதற்கு முன் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றை, எனக்குள்ள சாய்வுகளையும் மறைக்காமல், எழுதி வைக்கிறேன்.

அறுந்த தசைநாரைத் தைத்து ஒட்டவைப்பது பெரும்பாலும் நிலைப்பதில்லை என்பதால், நோயாளியின் உடம்பிலிருந்தே வேறொரு தசைநாணை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். பொதுவாகத் தொடையின் பின்புறத் தசைகளின் நாண்கள் இரண்டை எடுத்து, மடித்து நான்கு இழையாக்குவார்கள். சிலருக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாணை, இரு முனையிலும் சிறு எலும்புத் துண்டோடு சேர்த்து எடுப்பார்கள். இந்த ஒட்டுநாண், தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் குடைந்த துளைகளின் வழியாகச் செலுத்தப்படுகிறது. துளைக்குள் அது எலும்போடு வளர்ந்து ஒட்டும்வரை அங்கேயே பிடித்து வைத்திருப்பதற்குத்தான் திருகாணி. நாணுக்கும் துளைச் சுவருக்கும் இடையே ஆப்பைப் போல இறங்கி, நாணைச் சுவரோடு நெருக்கிப் பிடிக்கும். கட்டிலின் கால் ஆடினால் இடுக்கில் மரச்சக்கை வைத்து இறுக்குவோமே, ஏறத்தாழ அதே வேலைதான். சக்கைக்கு மரை வெட்டியிருக்கிறது என்பதே வேறுபாடு.

ஆகவே திருகாணியின் பணி தற்காலிகமானது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். எலும்புத் துண்டோடு எடுத்த நாணாக இருந்தால், எலும்பும் எலும்பும் ஒட்ட ஏறத்தாழ 6 வாரம் போதும். வெறும் நாண் எலும்புச் சுவரோடு ஒட்ட 8 முதல் 12 வாரம் ஆகும். அதற்குப் பிறகு பாரத்தைத் தாங்குவது ஒட்டிய இடமே. திருகாணி உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழங்காலுக்கு அதிக வேறுபாடு தெரியாது. ஆனால் அந்த முதல் மூன்று மாதத்தில் முழு அமைப்பிலும் பலவீனமான இடம் திருகாணி பிடித்திருக்கும் இடம்தான். நான்கு இழைகளையும் சமமாக இழுத்துக் கட்டிய பின்தொடை நாண் 4,000 நியூட்டன் அளவுக்குத் தாங்கும் என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். இளம் வயதினரின் இயற்கைத் தசைநார் அறுவதற்கு 2,160 நியூட்டன் அளவு விசை தேவை. கையில் இருக்கும் நாண் இயற்கையானதைவிட வலியது. அதைப் பிடித்து வைக்கும் திருகாணியோ, எலும்பின் திண்மையைப் பொறுத்து, சில நூறு நியூட்டனிலேயே நழுவத் தொடங்கலாம். நடப்பது, படியேறுவது போன்ற அன்றாட அசைவுகளில் அந்தத் தசைநாரின் மீது விழும் விசை 500 நியூட்டனுக்குள் இருக்கும், அதாவது ஓர் அரிசி மூட்டையின் எடையளவு, என்ற கணக்கீட்டை இதனோடு சேர்த்துப் பார்த்தால், முதல் வாரங்களில் இயன்முறைப் பயிற்சியாளர் ஏன் அத்தனை கட்டுப்பாடு விதிக்கிறார் என்பது விளங்கும்.

இந்தப் பலவீனம் நெடுங்காலத்துக்கு முன்பே தெரிந்த ஒன்று. 1983இல் அமெரிக்க மருத்துவர் கென்னத் லாம்பர்ட், எலும்பு முறிவுக்குப் பயன்படும் சாதாரண 6.5 மில்லிமீட்டர் திருகாணியை எலும்புத் துண்டின் பக்கத்தில் இறக்கி ஒட்டுநாணைப் பிடித்து வைக்கும் முறையை எழுதினார். 1987இல் ஜப்பானிய மருத்துவர் மசாஹிரோ குரோசாக்காவும் அவருடைய சகாக்களும், இறந்தவர்களின் முழங்கால்களில் பல பிடிப்பு முறைகளைச் சோதித்து, இதற்கென்றே செய்த 9 மில்லிமீட்டர் திருகாணி மற்றவற்றைவிட உறுதியானது என்றும், அறுவை முடிந்த உடனடிக் காலத்தில் பிடிப்பே பலவீனமான கண்ணி என்றும் காட்டினார்கள். இன்று தாளில் விலையோடு வந்து நிற்கும் மூன்று திருகாணிகளும் அந்த 9 மில்லிமீட்டரின் வழிவந்தவை.

இனி அந்த மூன்றையும் பார்ப்போம்.

டைட்டேனியம் பழையது, மலிவானது, உள்ளே இறக்கும்போது உடையாதது. எலும்பு அதை வெறுப்பதில்லை. காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகம் என்பதால் எம்ஆர்ஐ எடுக்கத் தடையில்லை. ஆனால் படத்தில் திருகாணியைச் சுற்றிச் சிறிது கருமையும் நெளிவும் விழும், பக்கத்திலிருக்கும் ஒட்டுநாணை அங்கே தெளிவாகப் பார்க்க முடியாமல் போகலாம். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைப் போல மழைக்காலத்தில் குளிர்ந்து வலிக்கும் இரும்பு அன்று அது. 'பிறகு எடுத்துவிட வேண்டுமே' என்ற பயமும் தேவையற்றது. தொந்தரவு கொடுத்தால் மட்டுமே எடுப்பார்கள், பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் முழுவதும் உள்ளேயே கிடக்கும். அதன் மெய்யான குறைகள் இரண்டு. மரையின் விளிம்பு கூராக இருந்தால் இறங்கும்போது நாணின் இழைகளை அறுக்கலாம். இதற்காகவே எலும்புத் துண்டு இல்லாத மென்நாணுக்கு மழுங்கிய மரை உள்ள திருகாணிகள் வந்தன. மற்றொன்று, ஒட்டுநாண் மறுபடி அறுந்து இரண்டாம் அறுவை தேவைப்பட்டால், பழைய திருகாணி புதிய துளையின் வழியில் நிற்கக்கூடும். அதைக் கழற்ற வேண்டும். மேலே எலும்பு மூடியிருக்கும். சரியான முனை உள்ள திருப்புளி இல்லாவிட்டால் தலை வழுக்கிவிடும். எந்த நிறுவனத்தின் திருகாணி என்று யாருக்கும் தெரியாமல், மூன்று பெட்டித் திருப்புளிகளைத் திறந்துவைத்து ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு நின்ற ஒரு பிற்பகல் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

'பயோ' என்ற சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மக்கள் விலை கொடுப்பது பெரும்பாலும் இந்தச் சொல்லுக்குத்தான். உடம்பில் கரையும் திருகாணி என்றதும், சில மாதத்தில் சர்க்கரைக் கட்டியைப் போலக் கரைந்து, அந்த இடத்தில் எலும்பு நிறைந்து, ஒன்றுமே நடக்காததைப் போல முழங்கால் ஆகிவிடும் என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். விற்பவரும் அந்த நினைப்பைக் கலைப்பதில்லை. உண்மை இதைவிடச் சிக்கலானது. தொடக்க காலத்தில் பாலிகிளைகாலிக் அமிலத்தில் செய்தவை மிக விரைவில் கரைந்து, சிலருக்கு வீக்கத்தையும் நீர் வடிவதையும் உண்டாக்கின. அடுத்து வந்த பாலிலாக்டிக் அமிலத் திருகாணிகள் அதற்கு நேர்மாறானவை: அறுவைக்குப் பல ஆண்டு கழித்தும் எம்ஆர்ஐ படத்தில் அவற்றின் வடிவம் தெரிவது வியப்பில்லை. ஈரத்தில் மெல்ல மெல்ல உடைந்து லாக்டிக் அமிலமாகி, அது முடிவில் கரியமில வாயுவும் நீருமாக வெளியேறும். கரையும் காலத்தில் அந்த இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் துளை அகலலாம், சிலருக்குக் கீழ்க்கால் எலும்பின் முன்புறம் நீர்க்கட்டி தோன்றலாம். திருகாணி மறைந்த பிறகும் அதன் இடம் முழுவதையும் எலும்பு நிரப்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்தக் குறைகளைச் சரிசெய்யத்தான் இப்போது தாளில் 'பயோ' என்று வரும் கலவைத் திருகாணி உருவானது. கரையும் பாலிமரோடு ஹைட்ராக்சிஅபடைட் அல்லது டிரைகால்சியம் பாஸ்பேட் போன்ற, எலும்பின் தாதுவை ஒத்த பொருளைச் சேர்க்கிறார்கள். அந்தத் தாது அமிலத்தைத் தணிக்கும். எலும்பு வளர்ந்து படரவும் இடம் கொடுக்கும். பழைய பாலிலாக்டிக் திருகாணியைவிட இது மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. எவ்வளவு காலத்தில் கரையும் என்பது கலவையைப் பொறுத்தது. ஓரிரு ஆண்டிலிருந்து பல ஆண்டுவரை வேறுபடும். ஆகவே மருத்துவரிடம் 'பயோவா?' என்று கேட்பதைவிட, எந்தக் கலவை, அவரிடம் வந்த பழைய நோயாளிகளின் படத்தில் அது எப்படித் தெரிகிறது என்று கேட்பது பயன் தரும்.

கரையும் வகை எல்லாவற்றுக்கும் பொதுவான இன்னொரு குறை, இறக்கும் நேரத்தில் உடைவது. உலோகத்தின் முறுக்குவலிமை இவற்றுக்குக் கிடையாது. எலும்பு கடினமாக இருக்கும் இளைஞர்களிடம் முன்கூட்டியே மரை வெட்டாமல் இறக்கினால், பாதி உள்ளே போன நிலையில் தலை பிளந்துவிடும். இதைத் தவிர்க்கத் திருப்புளி திருகாணியின் முழு நீளத்துக்கும் உள்ளே போகும்படி வடிவமைத்தார்கள், அதனால் உடைவது குறைந்தது; ஆனால் இல்லாமல் போகவில்லை. அறுவைக்கூடத்தில் அந்தச் சிறு 'டிக்' சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிடுவார்கள். உடைந்ததை எடுத்துவிட்டு வேறொன்று போடலாம், பெரிய ஆபத்தில்லை. ஆயினும் காலில் இறுக்குப்பட்டை கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்தியிருக்கும் நேரம் நீளும், இரண்டாவது திருகாணியின் விலையும் கணக்கில் ஏறலாம்.

உலோகத்தையும் கரையும் வகையையும் ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்து 2016இல் காக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பாய்வை வெளியிட்டது. முழங்கால் எப்படி இயங்குகிறது என்று நோயாளிகளே சொன்னதில் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. திருகாணி உடைவது உள்ளிட்ட தோல்விகள் கரையும் வகையில் கூடுதலாக இருக்கலாம் என்றும் அது சொன்னது. சான்றுகளின் தரம் மிகக் குறைவு என்பதையும் அந்த மதிப்பாய்வே ஒப்புக்கொண்டது, ஆகவே அதை வைத்துக் கரையும் திருகாணியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கூடுதல் விலை கொடுத்தால் முழங்கால் கூடுதலாக நன்றாக இருக்கும் என்ற எண்ணத்துக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை.

மூன்றாவது, பீக் எனப்படும் கடினப் பிளாஸ்டிக். கரையாது, துருப்பிடிக்காது, எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ படத்தைக் கெடுக்காது. இரண்டாம் அறுவை வந்தால் கழற்றச் சிரமப்படாமல் அதன் ஊடாகவே துளையிட்டுச் செல்லலாம். உலோகத்தின் நிலைத்தன்மையும் பிளாஸ்டிக்கின் இணக்கமும் சேர்ந்ததாகச் சொல்வார்கள், அது பெரும்பாலும் சரியே. எலும்பு இதன் மீது ஒட்டி வளராமல் பக்கத்தில் மட்டும் நிற்கும் என்பது இதன் மீதுள்ள குற்றச்சாட்டு. தற்காலிகப் பணி செய்யும் ஒரு திருகாணிக்கு அது பெரிய குறையாக எனக்குப் படவில்லை. விலைதான் கேள்வி. மக்னீசியத்தில் செய்த, கரையும் உலோகத் திருகாணிகளும் வெளிநாடுகளில் வந்துவிட்டன. என் அண்ணன் மகனின் தாளில் அது இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

பொருளைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். ஆனால் என் அனுபவத்தில் நோயாளிகள் கேட்காமல் விடும் கேள்வி, திருகாணி எங்கே போகிறது என்பது. தொடை எலும்புப் பக்கமும் கீழ்க்கால் எலும்புப் பக்கமும் ஒன்றல்ல. கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதி உள்ளே பஞ்சைப் போன்றது, தொடை எலும்பைவிட மென்மையானது. அதோடு, முழங்கால் அசையும்போது ஒட்டுநாணை இழுக்கும் திசை கீழ்த் துளையின் திசையிலேயே அமைவதால், நாண் திருகாணியைத் தாண்டி நேராக வழுக்கிவர வாய்ப்பு அங்கே கூடுதல். அதனால் கீழ்ப்பக்கத்துக்குத் துளையின் விட்டத்துக்குச் சமமான அல்லது 1 மில்லிமீட்டர் பெரிய, நீளமான திருகாணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எலும்பு மென்மையாக இருக்கிறது என்று கையில் உணர்ந்தால், நாணின் நூல்களை வெளியே ஒரு சிறு திருகாணியிலோ பிடிப்பாணியிலோ கட்டி இரண்டாம் பிடிப்பும் கொடுப்பார்கள். டைட்டேனியமா, கலவையா என்பதைவிட விட்டம், நீளம், இரண்டாம் பிடிப்பு தேவையா என்ற இந்த மூன்றும் முதல் மூன்று மாதத்தில் முழங்காலின் தலையெழுத்தைக் கூடுதலாகத் தீர்மானிக்கின்றன என்பது என் எண்ணம்.

கீழ்ப்பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. அந்த இடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே சதை இல்லை. திருகாணியின் தலை எலும்பின் மட்டத்துக்கு மேலே சிறிது நீட்டிக்கொண்டிருந்தாலும் விரலில் தட்டுப்படும், மண்டியிட்டால் குத்தும். நம்மவர்களுக்கு இது சிறிய செய்தி அன்று. தரையில் சம்மணமிட்டு உட்காரவும், சன்னதியில் விழுந்து வணங்கவும், பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோவிலின் 513 படிகளை ஏறி இறங்கவும் வேண்டிய முழங்கால் அது. மண்டியிடுவது வாழ்க்கையின் பகுதியாக உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும், ஏனென்றால் அது திருகாணியின் தலையை மட்டும் அல்ல, ஒட்டுநாண் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் மாற்றக்கூடும்: சில்லுக்குக் கீழேயிருந்து எடுத்தவர்களுக்கு மண்டியிடும்போது வலி கூடுதலாக இருப்பது நன்கு அறியப்பட்டது. பின்தொடையிலிருந்து எடுத்தால் அந்த வலி குறைவு, ஆனால் முழங்காலை வலுவாக மடக்கும் ஆற்றலில் சிறிது குறையும்.

மேல்பக்கத்தில், அதாவது தொடை எலும்பில், பின்தொடை நாணுக்கு இப்போது பலர் திருகாணியே போடுவதில்லை. எலும்பின் வெளிச்சுவரில் குறுக்காகப் படியும் ஒரு சிறு உலோகப் பட்டனில் நாணைத் தொங்கவிடுகிறார்கள். இழுவிசையைத் தாங்குவதில் இது திருகாணியைவிட வலியது, நாணின் இழைகளையும் நசுக்குவதில்லை. எதிர்வாதம் என்னவென்றால், பிடிப்பு மூட்டிலிருந்து தொலைவில் இருப்பதால், ஒவ்வொரு அசைவிலும் நாண் துளைக்குள் நூலிழை அளவு மேலும் கீழும் நகர்ந்து துளையை அகலப்படுத்தலாம். படத்தில் அகலம் தெரிந்தாலும் நடக்கும்போது பெரும்பாலோருக்கு வேறுபாடு தெரிவதில்லை. பட்டனின் வளையத்தில் நீளம் மாறாதது, இழுத்துச் சுருக்கக்கூடியது என இரு வகை உண்டு. சுருக்கக்கூடியது துளையில் இடைவெளி விடாமல் பொருந்தும், ஆனால் சில ஆய்வகச் சோதனைகளில் திரும்பத் திரும்ப இழுத்தபோது சற்று நெகிழ்ந்திருக்கிறது. எலும்புத் துண்டோடு எடுத்த நாணாக இருந்தால் கதை வேறு. அங்கே இரு முனையிலும் உலோகத் திருகாணி இன்றும் மிக உறுதியான, பழகிய தேர்வு. எலும்பை எலும்போடு நெருக்குவதில் அதற்கு நிகர் குறைவு. எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடாத சிறுவர்களுக்கு அந்தத் தட்டின் குறுக்கே எந்தத் திருகாணியும் போகக் கூடாது. அது தனிக்கதை, குழந்தை எலும்பு நிபுணரிடமே போக வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின்கீழ் தனியார் மருத்துவமனைகளில் மருத்துவரின் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. திருகாணி, பட்டன் போன்ற பொருள்களுக்கு மருத்துவமனை போடும் விலைக்கு அப்படி வரம்பு இல்லை. ஆகவே ஒரே திருகாணியின் விலை கோலாலம்பூரில் ஒரு மாதிரியும் பினாங்கில் வேறு மாதிரியும், ஒரே சாலையில் உள்ள இரண்டு மருத்துவமனைகளுக்கிடையே கூட வேறாகவும் இருப்பதில் வியப்பில்லை. பொருள்களின் பட்டியலை வரிவரியாகக் கேட்டு வாங்குங்கள். 'அறுவைப் பொருள்கள்' என்று ஒரே வரியில் ஒரு தொகை இருந்தால், அதைப் பிரித்துக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. அரசாங்க மருத்துவமனையில் அறுவைக்கான கட்டணம் மிகக் குறைவு. ஆனால் உள்ளே வைக்கும் பொருளை நோயாளியே வாங்க நேரலாம், காத்திருப்பும் நீளம். முடியாதவர்கள் மருத்துவமனையிலேயே உள்ள சமூகநலப் பிரிவைக் கூச்சமில்லாமல் அணுகலாம். வேலையிடத்திலோ, வேலைக்குப் போய்வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தோ அடிபட்டவர்கள், ஒரு வெள்ளி செலவழிக்கும் முன் சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பிடம் கேட்க வேண்டும். ஃபுட்சால் மைதானத்தில் விழுந்த என் அண்ணன் மகனுக்கு நிறுவனத்தின் காப்புறுதிதான் துணையாக இருந்தது. அதற்கும் ஆண்டு வரம்பு உண்டு. அறுவைக்குப் பிந்திய பயிற்சிக்கு அதில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்காமல் விலை கூடிய திருகாணியைத் தேர்ந்தெடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன். மூன்றாம் மாதம் பயிற்சிக்குப் பணமில்லை என்று நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு உள்ளே இருப்பது எந்தத் திருகாணியானாலும் முழங்காலுக்கு உதவாது.

இத்தனையையும் வைத்துக்கொண்டு அவனுடைய நிலைமையைப் பார்த்தேன். வயது 27, எலும்பு திண்மையானது. மறுபடி ஃபுட்சால் ஆடுவேன் என்கிறான், ஆகவே மறுபடி அறுபடும் வாய்ப்பு ஐம்பது வயதுக்காரரைவிடக் கூடுதல். அப்படியானால் இரண்டாம் அறுவையில் வழிவிடக்கூடிய பொருள் வேண்டும் என்ற கணக்கில் பீக் முதலில் நிற்கிறது. டைட்டேனியம் அடுத்து: வழியை மறித்து நிற்கும், ஆனால் என்ன, எங்கே இருக்கிறது என்பது எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், திருப்புளி சரியாக இருந்தால் கழற்றிவிடலாம். கலவைத் திருகாணியை இவனுக்கு மூன்றாவதாகவே வைத்தேன். அறுவைக்குப் பின் ஓரிரண்டு ஆண்டில், விளையாட்டுக்குத் திரும்பிய காலத்தில் மறுபடி அறுந்தால், திருகாணி முழுதாகவும் இருக்காது, முழுதாக மறைந்தும் இருக்காது. துளை அகன்றிருந்தால் முதலில் எலும்புத்தூள் நிரப்பிக் காத்திருந்து, பிறகு இரண்டாம் முறை அறுவை செய்ய வேண்டிவரலாம். மண்டியிடும் வேலையில் உள்ள, விளையாட்டை விட்டுவிட்ட, நிரந்தரமாக எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்று மனம் உறுத்தும் ஒருவருக்கு இந்த வரிசையை மாற்றியிருப்பேன். மன நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கேலி செய்ய நான் யார்?

ஆனால் இந்த வரிசைக்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது: மருத்துவரின் கைப்பழக்கம். எந்தத் திருகாணியை வாரந்தோறும் போடுகிறாரோ, அதன் இறுக்கம் அவருடைய மணிக்கட்டுக்குத் தெரியும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எப்போது எலும்பு தளர்வாக இருக்கிறது என்று விரலே சொல்லும். நோயாளி வற்புறுத்தியதற்காகப் பழக்கமில்லாத பொருளைப் பெட்டியிலிருந்து எடுப்பதை நான் ஒருபோதும் விரும்பியதில்லை. அதனால் அவனிடம் ஐந்து கேள்விகளைக் கொடுத்தனுப்பினேன். கீழ்ப்பக்கத்துக்கு நீங்கள் வழக்கமாக எதைப் போடுகிறீர்கள்? துளையின் விட்டத்தோடு ஒப்பிட்டு எந்த அளவு? எலும்பு மென்மையாக இருந்தால் இரண்டாம் பிடிப்புக்கு என்ன செய்வீர்கள்? திருகாணி உடைந்தால் செலவு யாருடையது? அறுவைக்குப் பிறகு பொருளின் ஒட்டுத்தாள் நகல் கிடைக்குமா? கடைசிக் கேள்விக்குப் பலர் சிரிப்பார்கள். ஒவ்வொரு திருகாணியின் உறையிலும் நிறுவனப் பெயர், அளவு, வரிசை எண் அச்சிட்ட சிறு ஒட்டுத்தாள்கள் இருக்கும். அவற்றை நோயாளியின் கோப்பில் ஒட்டுவது எங்கள் வேலை. அதன் ஒரு நகல் வீட்டில் இருந்தால், பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில் வேறொரு தாதி மூன்று பெட்டிகளைத் திறக்க வேண்டியிருக்காது.

சிகரெட்டை விடச் சொன்னேன். புகை ஒட்டுநாண் எலும்போடு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும். ஒன்பது மாதத்துக்கு முன் மைதானத்தில் காலை வைக்காதே என்றும் சொன்னேன். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம்வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முழங்காலில் மறுபடி அடிபடும் வீதம் 51 விழுக்காடு குறைந்தது. எந்தத் திருகாணியும் இந்த அளவுக்கு உறுதி தருவதாக நான் படித்ததில்லை.

மருத்துவர் அவனுடைய கேள்விகளுக்குப் பொறுமையாகவே பதில் சொல்லியிருக்கிறார். மேலே பட்டன், கீழே திருகாணி என்பது அவருடைய வழக்கம். கீழ்ப்பக்கத்தில் டைட்டேனியமும் கலவையும் அவருக்கு ஒரே அளவு பழக்கம், பீக்கை எப்போதாவதுதான் போடுகிறாராம். என் வரிசையில் முதலில் நின்றது அதனால் விலகியது. மிச்சமான காப்புறுதித் தொகையைப் பயிற்சிக்கு ஒதுக்கி, டைட்டேனியத்துக்குக் கையெழுத்துப் போட்டான். அறுவை முடிந்து, காலை நீட்டிக்கொண்டு வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், நான் கேட்கும் முன்பே கோப்பைத் திறந்து ஒட்டுத்தாளின் நகலைக் காட்டினான். விட்டம் 9 மில்லிமீட்டர், நீளம் 30. துளை எவ்வளவு என்று கேட்டேன். "எட்டு, அத்தை. அதையும் கேட்டுட்டேன்" என்றான்.